வெளியே வந்த டாக்டர்

காலை ஏழு மணி. கொலைகாரன் இடம் மாறியிருந்தான்.

சாப்பாட்டு மேசையில் எரிந்த தீக்குச்சிகளால் ஓர் அறை. நடுவில் கிடந்த எலுமிச்சம்பழம், கொலையுண்ட பணக்காரர். மிளகுத்தூள் குப்பி, அவரைக் கொன்ற டாக்டர். தொடர்கதை எழுதும் தங்கை இப்படித்தான் கதையைப் பின்னுவாள். நேற்றிரவு பிணத்தருகே நின்ற குப்பி இப்போது அறைக்கு வெளியே நின்றது. சுவர்களும் கதவும் மூடியபடியே இருந்தன.

“யாரோ கை வச்சிருக்காங்க,” என்றாள் தங்கை.

காவல்துறை ஆய்வாளரான அக்கா, வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தாள். “வெளியே வந்தது நல்லதுதானேடி?”

“எப்படி வந்தார்னு சொல்லணுமே. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. ஒரு வாரமா மண்டை காயுது. மதியத்துக்குள்ள முடிவு வரலைன்னா வேற ஆளை வச்சு முடிச்சுக்கறேன்னு பத்திரிகை ஆசிரியர் சொல்லிட்டார். நான் பெத்த பிள்ளைக்கு எவனோ பேர் வைப்பான்.”

தங்கையின் கணவர் தேநீர்த் தட்டோடு வந்தார். சட்டைப் பையில் தீப்பெட்டி துருத்திக்கொண்டிருந்தது.

“மாப்பிள்ளை, மேசைப் பக்கம் வந்தீங்களா?”

“இல்லை அண்ணி.”

“இப்பதான் எழுந்தீங்களா?”

“ஆமா. எழுந்ததும் நேரா அடுப்படிக்குத்தான்.”

அக்கா குனிந்து ஒவ்வொரு குச்சியாகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“எல்லாம் எரிஞ்ச குச்சி. கதவுக்கு மட்டும் மருந்தோட புதுக் குச்சி. உங்க பையிலிருந்து வந்ததுதானே?”

கணவர் தட்டைக் கீழே வைத்தார். “சட்டைக்கை பட்டுடுச்சு. கதவு ஒடிஞ்சுது, டாக்டர் வெளியே உருண்டுட்டார். வேற கதவு போட்டேன். அவரைப் பிணத்தோட எப்படி நிக்க வைக்கிறதுன்னு வெளியிலேயே விட்டுட்டேன்.”

தங்கை திட்டவில்லை. கதவையே வெறித்துப் பார்த்தாள்.

“அக்கா, கதவைத் திறக்கவே இல்லை. கழற்றி மாட்டியிருக்கார்.”

“யாரு, இவரா?”

“டாக்டர். கீல் வெளிப்பக்கம். முன்னாடியே கீல் ஆணியை உருவிட்டார். உள்ளே போய்த் தாழ் போட்டு, கொலை பண்ணிட்டு, கீல் பக்கமா கதவைத் தள்ளி வெளியே வந்தார். இழுத்துச் சேர்த்து ஆணியைச் சொருகிட்டார். தாழ் போட்டது போட்டபடியே இருக்கு.”

அக்கா யோசித்தாள். “நான் துப்பறிய வந்தாலும் தாழ்ப்பாளைத்தான் பார்த்திருப்பேன். கீலை யார் பார்க்கிறா?”

ஒரு வாரமாக இறுகிக் கிடந்த தங்கையின் தோள்கள் தளர்ந்தன.

“அப்ப என்னை விட்டுடுவீங்களா?” என்றார் கணவர்.

“மதியம் வரை வாயைத் திறக்கக் கூடாது. அதான் தண்டனை,” என்றாள் அக்கா.

அவர் தலையாட்டினார்.

தொலைபேசி ஒலித்தது. ஆசிரியர். அவர் பேசத் தொடங்கும் முன்பே தங்கை சொன்னாள்: “சார், மதியம் வரை காத்திருக்க வேண்டாம். பதினொரு மணிக்கே கதையை வாங்கிட்டுப் போக ஆளை அனுப்புங்க.”