ஆடு மேய்ப்பவள் எண்ணிய படை

குண்டூசி என்பது அவளுடைய பெயர் அல்ல. சித்தி எழுதும் கதைகளில் தப்புக் கண்டுபிடித்துக் குத்திக்கொண்டே இருப்பதால், சித்தி வைத்த பட்டம் அது. வயது பத்து.

சித்தி சரித்திர நாவல் எழுதுகிறவள். பெரியவர்களுக்கு அல்ல, பள்ளிப் பிள்ளைகளுக்கு. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே முதல் நாவலை எழுதினாள். நான்கு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின, ஐந்தாவது அச்சிட்டது. இப்போது ஏழு நாவல் ஆகிவிட்டது. கதையில் ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு இரண்டு மைல் நடந்தால், முதலில் சித்தி நடந்து பார்ப்பாள். பிறகுதான் பேனாவைத் திறப்பாள்.

எட்டாவது நாவலுக்குத்தான் வந்தது வினை.

"என்ன சித்தி, மூஞ்சி இப்படித் தொங்குது?"

சித்தி ஒரு கடிதத்தை நீட்டினாள். பதிப்பாளர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

'ஆடு மேய்க்கும் பெண் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பத்துப் பேருக்கு ஒரு முடிச்சாகக் கயிற்றில் போட்டு, எதிரிப் படையை எண்ணிக் கோட்டைக்குள் இருக்கும் ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறாள் என்கிறீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள்! ஒரு முடிச்சுப் போடுவதற்குள் ஐம்பது பேர் கடந்துவிடுவார்கள். அவளைத் தளபதியின் மகனாக மாற்றவும். இல்லாவிட்டால் நாவல் வெளிவராது. சனிக்கிழமை வருகிறேன்.'

"மாத்தப் போறியா?"

"மாட்டவே மாட்டேன்! ஆனா முடிச்சு விஷயத்துல அவர் கேக்குறது நியாயம். இந்த ஒண்ணை மட்டும் நான் செஞ்சு பார்க்கல."

"அப்ப நான் பார்க்கிறேன்," என்றாள் குண்டூசி.

வீட்டுக்கு எதிரே துணி தைக்கும் தொழிற்சாலை. மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் எல்லோரும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வருவார்கள். வெளியே போகிறவர்களின் அட்டையை வாசல் காக்கும் கேட்டுக்காரர் வாங்கி வைப்பார். அதனால் அவரிடம் சரியான கணக்கு இருக்கும்.

வியாழக்கிழமை குண்டூசி கயிற்றோடு அந்த வாசலருகே உட்கார்ந்தாள். பத்துப் பேர் வந்தார்கள். முடிச்சுப் போட்டு நிமிர்ந்தால், அதற்குள் இன்னொரு கும்பல் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

"அறுநூத்திப் பன்னெண்டு பேர். உனக்கு எவ்வளவு பாப்பா?" என்று கேட்டார் கேட்டுக்காரர்.

"இருநூத்தி நாப்பது."

"மீதிப் பேரெல்லாம் சுவரேறிக் குதிச்சுட்டாங்களா?"

குண்டூசிக்குக் காது சிவந்தது. ஆனாலும் விடவில்லை. வீட்டுக்கு வந்து கயிற்றையே முறைத்துக்கொண்டிருந்தாள். எண்ணுவதில் கோளாறு இல்லை. முடிச்சுப் போடும்போதுதான் நேரம் போகிறது. அப்படியென்றால் அதை முன்னாலேயே போட்டு வைத்தால் என்ன?

கயிறு நெடுக எழுபது தளர்வான சுருக்குகள் போட்டாள். பத்துப் பேர் போனதும் ஓர் இழுப்பு. அவ்வளவுதான், சுருக்கு இறுகி முடிச்சாகிவிடும். வெள்ளிக்கிழமை எண்ணிக்கையில் பதின்மூன்று பேர்தான் விட்டுப்போனார்கள்.

சனிக்கிழமை நாலரைக்குப் பதிப்பாளர் குடையோடு வந்தார்.

"மாத்தியாச்சா?"

"இல்ல," என்றாள் சித்தி.

"அப்ப நான் வந்தது வீண்."

"சார், அஞ்சு மணிவரைக்கும் இருங்க," என்றாள் குண்டூசி. "நீங்க வாயால எண்ணுங்க, நான் கயித்தால எண்ணுறேன். நான் தோத்தா, அவ தளபதி மகனாவே ஆகட்டும்."

சித்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய்! என் நாவலை வெச்சு நீ பந்தயம் கட்டுறியா?"

"என்னை நம்பு சித்தி."

மூவரும் தொழிற்சாலை வாசலருகே போய் நின்றார்கள். சங்கு ஊதியது. வாசல் திறந்தது.

பதிப்பாளர் கெட்டிக்காரர்தான். நூறு தாண்டியும் தடுமாறவில்லை. "நூத்தி இருபத்தஞ்சு, நூத்தி இருபத்தாறு..."

ஓர் அக்கா ஓடி வந்தாள். "சார், ஒன்பதாம் நம்பர் பஸ் போயிடுச்சா?"

"ஒன்பதா? நூத்தி... ஒன்பது... அடடா!"

அந்த அக்கா இந்தப் பக்கம் திரும்பினாள். "கயித்தை வெச்சு என்ன பண்றே பாப்பா?"

"படையை எண்ணுறேன் அக்கா. பஸ் இன்னும் வரல," என்றாள் குண்டூசி. விரல்கள் நிற்கவே இல்லை.

கூட்டம் ஓய்ந்தது. கேட்டுக்காரர் அட்டைகளைக் கூட்டிச் சொன்னார். "இன்னிக்கு ஐநூத்தி எழுபத்தொன்பது."

கயிற்றில் ஐம்பத்தேழு முடிச்சுகள் இருந்தன. கடைசி முடிச்சுக்குப் பிறகு வந்தவர்களுக்காகக் குண்டூசி ஆறு விரல்களை நீட்டினாள். "ஐநூத்தி எழுபத்தாறு."

"மூணு பேர் குறையுதே," என்று கண்ணாடியைச் சரிசெய்தார் பதிப்பாளர்.

"மூணு பேர் குறைஞ்சா ஊர்க்காரங்க கோட்டைக் கதவைத் திறந்து விட்டுடுவாங்களா சார்?"

கேட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இல்லம்மா, அவளுக்கு எழுத்தே தெரியாதுன்னு..." என்று இழுத்தார் பதிப்பாளர்.

"நான் மட்டும் ஒரு எழுத்தாவது எழுதினேனா? விரலும் கயிறும்தான்."

 பதிப்பாளர் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, சித்தியிடமிருந்து தான் எழுதிய கடிதத்தை வாங்கி, அதையே குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

"அவ அவளாவே இருக்கட்டும். ஆனா அந்தச் சுருக்கு வித்தை நாவல்ல இல்லையே?"

"திங்கட்கிழமை உங்க மேசையில இருக்கும்," என்றாள் சித்தி.

"அடுத்த அத்தியாயத்துல அவ என்ன பண்றா?"

"வெள்ளத்துல ஆத்தை நீந்திக் கடக்குறா."

பதிப்பாளர் மெல்லத் திரும்பிக் குண்டூசியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்புறேன்மா, நம்புறேன்! நீ ஒண்ணும் நீந்திக் காட்ட வேண்டாம்!" என்று குடையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார் அவர்.