பத்து நிமிடச் சட்டை

காலாண்டின் முதல் சனிக்கிழமை. ஆவடி உணர்வகத்தின் வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் காலாண்டுக்கு ஒருமுறை ஓர் அரிய நோயை அணிய வேண்டும். அணியாவிட்டால் பஸ் பாஸ் முடங்கும். கூட்டத்துக்கு அதுதான் காரணம். சுவரொட்டியில் மட்டும் கருணை என்று போட்டிருந்தது.

எல்லோரும் கேட்பது கைநடுக்க நோயைத்தான். உணர்சட்டையைப் போட்டதும் கை ஆடும், காபி சிந்தும், பத்து நிமிடத்தில் மனசு கரைந்துவிடும். என் நோயை யாரும் கேட்பதில்லை. எரிதோல். துணி பட்ட இடமெல்லாம் தோசைக்கல்லில் வைத்ததுபோல் எரியும். மாத்திரை போட்டால் சட்டை போடலாம், தெருவில் நடக்கலாம். போடாவிட்டால் ஒரு துண்டோடு வெறுந்தரையில் கிடக்க வேண்டியதுதான்.

நான் கண்ணாடி அறையில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தேன். எனக்கு இங்கே மூலர் என்று பெயர். எனக்கு எரியும் அதே நொடியில் பக்கத்து அறையில் உணர்சட்டை போட்டவருக்கும் எரியும். பத்து நிமிடம் தாங்கி முடித்தவருக்கு மட்டும் இரண்டு பொத்தான்கள் ஒளிரும். ஒன்று ‘தாங்கலாம்’, இன்னொன்று ‘தாங்க முடியாது’. இரண்டாவதற்கு அதிக ஓட்டு விழுந்தால்தான் அடுத்த காலாண்டுக்கு மருந்து. புதிதாகப் பட்டியலில் சேர்ந்த நோய்க்கு முதல் ஆண்டு ஓட்டில்லாமலே தருவார்கள். எனக்கு அந்த ஆண்டு முடிந்துவிட்டது.

“சேந்தா, இவரும் கழட்டிட்டாரு,” ஒலிபெருக்கியில் ரியாஸின் குரல். கருவியைப் பார்த்துக்கொள்பவன். “ஒன்றரை நிமிஷம். இன்னிக்கு இதான் ரெக்கார்டு. மாலை போடலாமா?”

“போடு. மாலையும் எரியும்.”

என் அக்கா மங்கை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். “பாதி மாத்திரையாவது போட்டுக்கோடா. ஒருத்தராவது முடிக்கட்டும்.”

“போன தடவை போட்டேனே. என்ன ஆச்சு?”

போன தடவை வந்தவர்கள் எல்லோரும் முடித்தார்கள். வேர்க்குரு மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டு ‘தாங்கலாம்’ அமுக்கினார்கள். அதன்பிறகு அக்கா மிச்சம் பிடித்து வைத்த அட்டையில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதில் இப்போது இருப்பது ஒரே மாத்திரை.

மாலையில் கூட்டம் வடிந்தபின் ஓர் அம்மாள் வந்தார். படியேறியதும் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். பியூலா என்று ரியாஸ் பதிந்துகொண்டான். எரிதோல் வேண்டும் என்று அவரே கேட்டாராம்.

ஒரு நிமிடம் போனது. மூன்று. ஐந்து. கதவு திறக்கவில்லை.

“முடிச்சிட்டாங்கடா!” ரியாஸ் கத்தினான். அக்கா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். ஒரே ஓட்டு. வேறு யாரும் முடிக்காததால் அது போதும்.

நான் கேட்டேன். “என்ன போட்டாங்க?”

“தாங்கலாம்.”

துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே போனேன். அவர் இன்னும் நாற்காலியிலேயே இருந்தார்.

“ஏம்மா அப்படிப் போட்டீங்க?”

“தாங்கினேனே தம்பி,” என்றார். “பொய்யா சொல்லச் சொல்றீங்க?”

அவருக்கு நெஞ்சிறுக்கம். விலாத்தசை பலகையாக இறுகிவிடும். ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல் இழுக்க வேண்டும். மருந்து இருக்கிறது, ஆனால் நோய் பட்டியலில் இல்லை. பட்டியலில் சேர ‘தாங்க முடியாது’ என்று ஒரே ஓர் ஓட்டு போதும். அதை வேறோர் அரிய நோயாளி அணிந்து முடித்துப் போட வேண்டும்.

“அதைக் கேக்கத்தான் வந்தேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேப்பேன்?” மூச்சுக்காக நிறுத்தினார். “ஓட்டு உங்களுக்கு மருந்தையே நிறுத்தும்னு தெரியாது தம்பி. அடுத்த காலாண்டு வரேன். மறுபடி போட்டு, சரியா அமுக்குறேன்.”

எனக்கு உணர்சட்டையும் துணிதான். அதைப் போட வேண்டுமென்றால் அந்தக் கடைசி மாத்திரை வேண்டும். அக்காவிடம் கை நீட்டினேன்.

“உன் தலையில மண்ணள்ளிப் போட்ட பொம்பளைக்காடா?”

“குடுக்கா.”

பியூலாம்மாவைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் அணிந்தேன். நெஞ்சு இறுகியது. முதல் மூச்சு பாதியில் நின்றது. பயந்தேன். பிறகு பழகிவிட்டது. வலியோடு பேரம் பேசாமல் அதன் பக்கத்தில் உட்காருவது எனக்குத் தெரியும். பத்து நிமிடம் முடிந்தது. பொத்தான்கள் ஒளிர்ந்தன.

என் விரல் தானாக ‘தாங்கலாம்’ பக்கம் போனது. அதுதான் உண்மையும். அதை அமுக்கினால் அவர் இப்படியே இருப்பார். அடுத்த காலாண்டும் இதே நெஞ்சோடு வந்து, என் எரிச்சலைப் பத்து நிமிடம் தாங்கி, எனக்கு ஓட்டுப் போடுவார். மருந்து கிடைத்துவிட்டால் அவர் மற்றவர்களைப்போல் ஆகிவிடுவார். மற்றவர்கள் ஒன்றரை நிமிடத்துக்குமேல் நிற்பதில்லை.

இது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. ‘தாங்க முடியாது’ பொத்தானை அமுக்கினேன்.

வெளியே வந்ததும் கேட்டார். “எப்படி இருந்துச்சு தம்பி?”

“தாங்கலாம்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். பாதியிலேயே மூச்சு அடைத்துக்கொண்டது.

அந்தக் காலாண்டு முழுவதும் தரையில் கிடந்தேன். அக்கா ஈரத்துணி கொண்டுவருவாள், அதுவும் துணி என்பது நினைவுக்கு வந்து திரும்பக் கொண்டுபோவாள்.

அடுத்த காலாண்டின் முதல் சனிக்கிழமை பியூலாம்மா வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தார். நிற்காமல் படியேறினார். கண்ணாடி வழியாக எனக்குக் கையசைத்தார், மருந்தால் முகம் தெளிந்திருந்தது. “பத்து நிமிஷம்தானே தம்பி, இருங்க,” என்று உள்ளே போனார்.

ஒரு நிமிடம் போனது. அதற்குப் பிறகும் கதவு திறக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டாவது நிமிடம் முடிவதற்குள் கதவு அடித்துத் திறந்தது. உணர்சட்டை தரையில் கிடந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், உடம்பெல்லாம் வியர்வை.

“முடியல தம்பி,” என்றார். “தாங்க முடியல.”

அவருக்குப் பின்னால் இரண்டு பொத்தான்களும் ஒளிராமல் இருந்தன.