பூஜ்யம் போட்ட கை

கொதிகலன் அறைக்குள் நான் போனபோது நல்ல பகல். வெந்த ரப்பர் நாற்றம் இன்னும் போகவில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன்பு இங்கேதான் என் அக்கா புருஷன் நீராவியில் வெந்து செத்தார்.

"வால்வு பழுதுன்னு அவன் ஒரு தடவைகூட சொல்லல. அசட்டையா இருந்து செத்தான்." மேனேஜர் அக்காவின் முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தை அது. மாமா மூன்று முறை எழுதினார். இந்தக் கணினியில்தான் எழுதினார். அவருடைய பாஸ்வேர்டு போட்டால்தான் அது திறக்கும்.

ஆலையில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் நான். செத்த அன்றே சர்வரில் மாமாவின் பெயரை அழித்துவிட்டார்கள். ஆனால் கடைசியாக உள்ளே வந்த பத்துப் பேரின் பாஸ்வேர்டை இந்தக் கணினியே நினைவில் வைத்திருக்கும். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டால் போதும், சர்வரைக் கேட்காமலே உள்ளே விடும். சர்வர் இழுத்தடிக்கும் என்று ஷிப்டுக்கு ஷிப்டு கொதிகலன் ஆட்கள் கேபிளைப் பிடுங்கித்தான் வேலை பார்த்தார்கள்.

அக்கா பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். கேபிளைப் பிடுங்கினேன்.

"என்னய்யா நோண்டுற?"

பின்னால் மேனேஜர்.

"பத்துப் பேரை ஞாபகம் வைக்குதுல்ல, அந்தப் பத்தை பூஜ்யமாக்கு. பழைய ஆளுங்க ஒருத்தனும் உள்ள வரக்கூடாது."

"சார், அதுல மாமா எழுதினது..."

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வேணும். எனக்கும் இரண்டு பிள்ளைகள். என் பாஸ்வேர்டில் உள்ளே போய், பத்தை அழித்துப் பூஜ்யம் போட்டேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

கணினியை அணைத்து, மறுபடி போட்டேன். கேபிள் கீழேதான் கிடந்தது; இனி யார் பாஸ்வேர்டுக்கும் அது திறக்காது.

திரையில் மாமாவின் பெயர் வந்தது.

கீபோர்டை யாரும் தொடவில்லை. பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவர் ஒரு விரலால் தட்டுவாரே, அதே நிதானம்.

கதவு திறந்தது. கணினியின் கதவு.

'வால்வு பழுது. மூன்றாம் முறை சொல்கிறேன். மேனேஜர் பார்த்துவிட்டு, அப்படியே கொதிகலனை ஓட்டு என்றார்.'

"நிறுத்துடா அதை!" மேனேஜர் மின்சார வயரைப் பிடுங்கி எறிந்தார். கணினிக்குள் மின்விசிறி நின்றது. பச்சை விளக்கு அணைந்தது.

திரை அணையவில்லை.

அறையில் சூடு ஏறியது. மேனேஜர் கதவைப் பார்த்து ஓடினார். நான் திரையைப் பார்த்தபடியே நின்றேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். பூஜ்யம் போட்டது உன் கைதானே, மச்சான்?'