தகரம் வைத்த மூட்டு

உடுவிலில் இருந்த ஏரம்பரின் கராஜுக்கு மார்க்கண்டு தன் மொறிஸ் காரைக் கொண்டுவந்தபோது மத்தியானச் சோற்று நேரம். சண்டையால் பெற்றோலுக்குத் தடை என்பதால் மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. நிறுத்திய பிறகும் சற்று நேரம் இருமிக்கொண்டிருந்தது.

"ஏரம்பண்ணை, ஸ்ரேரிங் கையிலை நிக்குதில்லை. மகள் கமலாவதிக்குப் பிள்ளை பிறக்கிறது இண்டைக்கோ நாளைக்கோ எண்டிருக்கு. இதிலைதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்."

காரைக் கண்டதுமே ஏரம்பர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். நிறம் மாறியிருந்தது. ஆனாலும் அது செல்வரட்ணத்தின் கார்.

குருநகர்ப் பெடியன் செல்வரட்ணம் இரண்டு மாதத்துக்கு முன் இதே குறையோடு வந்தான். சில்லைத் திருப்பும் கம்பியின் நுனியில் உள்ள மூட்டுத் தேய்ந்திருந்தது. மாற்றவேண்டியதுதான். ஏரம்பரிடம் புது மூட்டுகள் இரண்டு பிஸ்கற் பேணிக்குள் இருக்கத்தான் இருந்தன. சண்டையால் மூடிக் கிடந்த பாதை திறந்தால் மனைவி பூரணத்தை ஏற்றிக்கொண்டு வெளியேற, தன் வானுக்கென்று ஒளித்துவைத்தவை. "சாமான் இல்லைத் தம்பி" என்று கூசாமல் சொல்லி, பால்மாப் பேணித் தகரத்தை வெட்டி மூட்டுக்குள் செருகி அனுப்பினார் மனுசன்.

அன்று பின்னேரம் கொடிகாமத்துக்குப் போகும் வழியில் கார் குளத்துக்குள் பாய்ந்தது. செல்வரட்ணத்தின் உடலை மறுநாள்தான் எடுத்தார்கள்; காரைப் பிறகு யாரோ தூக்கி விற்றுவிட்டார்கள். ஏரம்பரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது காரைக் கராஜின் வேலைக் குழிக்கு மேலே நிறுத்தச் சொல்லி, அவர் உள்ளே இறங்கினார். மேலே ஒருவர் ஸ்ரேரிங்கை இடமும் வலமும் மெல்ல ஆட்ட, கீழே மூட்டில் கைவைத்துத் தேய்மானத்தை அறிவது அவர் வழக்கம். அன்று செல்வரட்ணமும் "ஆட்டவோ, அண்ணை?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக் கேட்டுத்தான் ஆட்டினான்.

அதே தகரம், நசுங்கி, உள்ளேயே இருந்தது. 'இன்னொரு தகரம் வைச்சால் ஆஸ்பத்திரி மட்டும் போகும்' என்று ஏரம்பர் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வானத்தில் குண்டுபோட வரும் பொம்மர் இரைந்தது.

"அண்ணை, பங்கருக்கு ஓடி வாங்கோ!" மார்க்கண்டு கதவை அடித்துச் சாத்திவிட்டு ஓடினார்.

"இந்தக் குழியும் பங்கர்தான்" என்று ஏரம்பர் அங்கேயே நின்று தகரத்தை நெம்பினார்.

கம்பி அசைந்தது.

இடம். வலம். இடம். அவசரமில்லாமல், பழகிய கை ஆட்டுவது போல.

"மார்க்கண்டு?"

காரின் அடித்தட்டிலிருந்து ஒரு சொட்டு அவர் பிடரியில் விழுந்தது. குளத்துச் சேறு மணத்தது.

ஸ்ரேரிங் ஒரேயடியாகத் திரும்பியது. கம்பிக்கும் சட்டத்துக்கும் இடையில் அவர் மணிக்கட்டு இறுகிக்கொண்டது. இழுத்தார். தோல் உரிந்ததே தவிரக் கை வரவில்லை. சொட்டு ஒழுக்காகியது. குழிக்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. கத்தினார். பொம்மரின் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

தண்ணீர் இடுப்பைத் தொட்டது.

இரைச்சல் ஓய்ந்த ஒரு கணத்தில், தலைக்கு மேலே யாரோ மெல்லக் கேட்டார்கள்.

"ஆட்டவோ, அண்ணை?"

ஏரம்பர் விம்மிவிட்டார். "தம்பி, விட்டிடு. பிஸ்கற் பேணிக்கை ரெண்டு கிடக்கு. ரெண்டையும் இதுக்கே போடுறன். என்ரை பூரணத்தாணை!"

கம்பி தளர்ந்தது.

மார்க்கண்டு திரும்பி வந்தபோது குழி காய்ந்து கிடந்தது. ஏரம்பர் மட்டும் இடுப்புவரை நனைந்து நின்றார். பேணியைத் திறந்து, இரண்டு பக்கத்துக்கும் புது மூட்டைப் பூட்டினார்.

"உந்தச் சாமானை எங்கையண்ணை எடுத்தனியள்?"

"இருந்தது" என்றார் ஏரம்பர். "அண்டைக்கும் இருந்தது."

மார்க்கண்டுவுக்கு அது விளங்கவில்லை. கும்பிட்டுவிட்டு மகளை ஏற்றப் போனார். கார் கோடு பிடித்தது போல நேராக ஓடி ஒழுங்கை முடக்கில் மறைந்தது. ஏரம்பருக்கு நெஞ்சு கொஞ்சம் இலேசானது. வெறும் பேணியை மூடி வைக்கத் திரும்பினார்.

மூலையில் அவருடைய வான் பூட்டிக் கிடந்தது. திறப்பு அவர் மடியில் இருந்தது.

வானின் முன்சில்லுகள் மெல்லத் திரும்பின.

இடம். வலம். இடம்.

சாரதிப் பக்கக் கதவின் அடியால் தண்ணீர் கசிந்து, நிலத்தில் பரவி, அவர் காலை நோக்கி வந்தது.

"ஆட்டவோ, அண்ணை?"