இரண்டாவது கண்

அந்தப் புள்ளி போன வாரப் படத்தில் இல்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். புதுப் படத்திலிருந்து பழைய படத்தைக் கழித்தால் மாறாத விண்மீன்கள் எல்லாம் மறைந்து, புதிதாக வந்தது மட்டும் மிஞ்சும். கழித்தாள். கறுப்புத் திரையில் அது ஒண்டியாக நின்றது. சூப்பர்நோவா. எந்தக் காலத்திலோ வெடித்துச் செத்த விண்மீன். அதன் வெளிச்சம் இன்றைக்குத்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இதைத் தேடித்தான் அவளும் பூச்சியும் எத்தனை இரவுகள் தூக்கம் கெட்டார்கள்! பூச்சி அவள் ஒரே மகள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அவளும் கணவனும் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். பிள்ளையின் கண்ணை மூடிவிட்டதும் இவள் கைதான்.

கேமராவில் விழும் தூசிகூடப் புள்ளியாகத் தெரியும் என்பதால், இரண்டாவதாக ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த சட்டம். அம்மா கீழே கணினியில். மகள் மொட்டைமாடிக் கொட்டகையில், குட்டி ஸ்டூல் மேல் ஏறி, இன்னொரு தொலைநோக்கியில். எந்த இடம் என்று அம்மா மூச்சுவிடக் கூடாது. பூச்சியாகவே பார்த்து வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். கண்டுபிடித்தால் அறிவிப்பில் இரண்டு பேர் பெயரும். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடியில் மூச்சை ஊதி விரலால் துடைப்பது பூச்சியின் கெட்ட பழக்கம். அதற்கு அவள் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை.

கணவனை எழுப்பினாள்.

"ஒரே ஒரு தடவை மேல போய்ப் பாருங்க. உங்க பேருக்குப் பதிலா அவ பேரைப் போட்டுடறேன்."

"அது பொய்தானே?"

"பொய்தான். இருந்துட்டுப் போகட்டும்."

பிள்ளை போன பிறகு அவன் மாடிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இருந்தாலும் வாக்கி-டாக்கியை எடுத்துக்கொண்டு போனான். அவன் செருப்புச் சத்தம் படிகளில் ஏறித் தேய்ந்தது. மின்விசிறி கிறீச்சிட்டது. எங்கிருந்தோ காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாசனை வந்து, அவள் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

மேசைமேல் இருந்த வாக்கி-டாக்கி இரைந்தது. யாரோ மூச்சு விட்டார்கள். ரொம்பக் கிட்டத்தில்.

"பார்த்தீங்களா?"

மூச்சு. பிறகு கிசுகிசுப்பு. "இடது பக்கம். கீழே. ரெண்டு சின்ன நட்சத்திரத்துக்கு நடுவுல."

அதே இடம். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இருக்குங்க! நிஜமாவே இருக்கு!"

"யார்கிட்ட பேசற?"

திரும்பினாள். வாசலில் கணவன். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"என்னால முடியலம்மா. பாதிப் படியிலயே உக்காந்துட்டேன்." கையிலிருந்ததைக் காட்டினான். "இதை ஆன்கூடப் பண்ணல."

மேசைமேல் மறுபடி இரைச்சல்.

"அம்மா... என் பேரையும் போடுவேதானே?"

ஓடினாள். படிகள். இருட்டு. மருந்து வாசனை.

கொட்டகையில் யாரும் இல்லை. மூலையில் ஒதுக்கி வைத்திருந்த குட்டி ஸ்டூல் தொலைநோக்கிக்கு அடியில் நின்றது.

பார்க்கிற கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். போகவில்லை.

ஆவி உள்பக்கம்.

பரவியது. சுருங்கியது. பரவியது.

"பூச்சி..."

நின்றது.

உள்ளேயிருந்து ஒரு சின்ன விரல், திட்டுக்குப் பயந்ததுபோல் மெதுவாக, கண்ணாடியைத் துடைத்தது.

அவள் குனிந்து பார்த்தாள். வானம் இல்லை. அவள் தன் கையால் மூடிவிட்ட கண், திறந்திருந்தது.