அளவில்லாத் தலைகாட்டி

பல் துலக்குவதற்கு முன்பே கனிராஜன் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தான். விருதுநகரில் ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் காலமாகிவிட்டார். இவன் பந்தலில் உட்கார்ந்து, பெரியவரின் மகன் கையை இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட மனுசன்!" என்று சொல்லிவிட்டுக் கண்ணுறையைக் கழற்றினான். கழற்றிய இடம் நிலவின் தென்முனை. பனிச்சுரங்கக் குடியிருப்பில், கையை நீட்டினால் சுவர் இடிக்கும் அவனுடைய அறை. காலை வேலை தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

இதில் அங்கே யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஊரில் ஒரு விசேஷம் என்றால் தலையையாவது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள். பிழைப்புக்கு நிலவுவரை போனவனையும் சொந்தக்காரர்கள் விடுவதில்லை. அதற்காகவே வந்தவைதாம் தலைகாட்டிகள். ஆள் உயரத்தில் ஓர் இயந்திர உடம்பு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த திரை. நிலவில் இருப்பவர் கண்ணுறையும் கையுறையும் மாட்டிக்கொண்டால், ஊரில் இருக்கும் உடம்பின் திரையில் அவர் முகம் வந்துவிடும். இவர் கையைக் கூப்பினால் அது கும்பிடும். நடுவில் ஒன்றேகால் வினாடி தாமதமாகும். சொந்தக்காரர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கனிராஜன் சேர்ந்திருந்தது 'வந்தாச்சு' நிறுவனத்தில். மாதம் தொண்ணூற்றொன்பது ரூபாய். அளவில்லா விசேஷங்கள், அளவில்லா நேரம். கீழே எறும்பு எழுத்தில், 'அளவில்லா என்பது நியாயமான அளவுக்கு உட்பட்டது' என்று ஒரு வரி. அதை யார் படித்தார்கள்?

பிச்சையா அண்ணாச்சி படித்திருந்தார். சுரங்கத்து உணவுக்கூடத்தை ஒட்டி அவரும் ஒரு தலைகாட்டிக் கடை வைத்திருந்தார். அவரிடம் மாதம் இரண்டாயிரம். கூட்டமே கிடையாது.

"ரெண்டாயிரமா! அநியாயம் அண்ணாச்சி" என்றான் கனிராஜன், கையில் தேநீரோடு.

"ஒரு உடம்புக்கு நாலு பேருக்கு மேல நான் சேர்க்க மாட்டேன். பேட்டரி, ரிப்பேரு, வேட்டி சலவை எல்லாம் அதுலதான் பார்க்கணும். தொண்ணூத்தொம்பதுல வேட்டி துவைக்கக்கூடக் காணாதே. உன் உடம்பை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கான்னு கேட்டியா?"

"அதை ஏன் நான் கேக்கணும்? எனக்கு வேணுங்கிறப்ப கிடைக்குதுல்ல?"

"தம்பி, அது தலைகாட்டி இல்ல. உன் தலையில கட்டிட்டான்" என்றார் அண்ணாச்சி. கனிராஜன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். விற்காத கடைக்காரர் வேறு எப்படிப் பேசுவார்?

உண்மையில் கனிராஜனின் உடம்பு இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சொந்தம். இதில் ஏமாற்று ஏதும் இல்லை என்றுதான் 'வந்தாச்சு' பொறியாளர்கள் மனமார நம்பினார்கள். ஒரு சந்தாதாரர் மாதத்துக்குச் சராசரியாக நாற்பது நிமிடம் தலைகாட்டுகிறார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் கூட்டினால் நூற்று நாற்பத்தொரு மணி நேரம். மாதத்துக்கோ எழுநூற்றிருபது மணி நேரம். இன்னும் எண்ணூறு பேரைச் சேர்க்கலாமே என்றுகூட ஒருவர் கேட்டார். கணக்கில் பிழையே கிடையாது. ஆனால் தமிழர்கள் தங்கள் கல்யாணங்களை எழுநூற்றிருபது மணி நேரத்துக்கும் பரத்தி வைப்பதில்லை. அது கணக்கில் வரவில்லை.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கனிராஜனின் அக்கா மகள் யாழ்மொழிக்குக் கல்யாணம் குறித்தார்கள். காலை ஏழரை முதல் ஒன்பதுக்குள். மேடையில் பெண் கழுத்தில் தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் தாலி.

அக்கா தங்கபுஷ்பம் ஒரு மாதத்துக்கு முன்பே பேசினாள். "காதுகுத்துக்கு உன் மடியில உக்கார வேண்டிய பிள்ளை. நீ வரலை. சுரங்கத்துல வேலைன்னுட்ட. யாரோ ஒருத்தர் மடியில உக்கார வச்சுக் குத்துனோம். மறந்துட்டியா?"

"அக்கா, அதையே..."

"இந்த மாலைக்கும் நீ வரலைன்னா எனக்குத் தம்பியே இல்லை. அவ்வளவுதான்."

"கண்டிப்பா வாரேன்க்கா. அளவில்லாத் திட்டம் போட்டிருக்கேன். ரெண்டு நாள்கூட இருக்கலாம். ஆமா, வர்ற கூட்டத்துக்கு மண்டபம் காணுமா?"

"ஐநூறு நாற்காலி. ஆயிரத்தைந்நூறு பத்திரிகை வச்சிருக்கேன்."

"ஐநூறு நாற்காலிக்கா?"

"போடா, எல்லாருமா வந்துடப் போறாங்க?" என்றாள் அக்கா.

அந்த நாளும் வந்தது. கனிராஜன் விடுப்பு எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் பட்டுச் சட்டை போட்டு, சரியாக ஏழு மணிக்குக் கண்ணுறையை மாட்டினான். மண்டபம் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வாசகம் வந்தது. 'நீங்கள் வரிசையில் பத்தொன்பதாவது.'

சேவை மையத்தை அழைத்தான். தேன் சொட்டும் இயந்திரக் குரல்.

"இன்று முகூர்த்த நாள் என்பதால் தலைக்கு நான்கு நிமிடம் ஐயா."

"அளவில்லான்னு விளம்பரம் போட்டீங்களே!"

"ஆமாம் ஐயா. அளவில்லாமல்தான் ஆட்களைச் சேர்த்திருக்கிறோம்."

பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். எட்டு மணிக்கு அக்கா அழைத்தாள். "மாலையை எடுத்து வச்சுட்டு எல்லாரும் உன்னைத்தான் தேடுறாங்க. எங்கடா இருக்க?" "வாசல்லதான்க்கா" என்றான் நாலு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவன். காதுகுத்துப் படத்தில் பார்த்த, தேம்பி அழும் அந்தக் குழந்தை முகம் கண்ணிலேயே நின்றது.

எட்டேகாலுக்குச் சற்று முன் திரை வெளுத்தது. கனிராஜன் ஒரு மண்டபத்தில் நின்றான். ஆனால் அது வேறு கல்யாணம். மணமகன் யாரென்றே தெரியவில்லை. அந்த உடம்புக்கு அது அன்றைய பதினோராவது மண்டபம். நெற்றியில் சந்தனம் நாலு அடுக்கு காய்ந்திருந்தது, வேட்டி பாதி அவிழ்ந்திருந்தது. அக்காவின் மண்டபம் இரண்டு தெரு தள்ளி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். திரையின் ஓரத்தில் வினாடிகள் குறைந்துகொண்டே வந்தன.

மண்டப வாசலில் நுழைய இடமில்லை. உள்ளே நாற்காலிக்கு நாற்காலி தலைகாட்டிகள். தூத்துக்குடிக்காரர், துபாய்க்காரர், நிலவுக்காரர் என்று பத்திரிகை போன இடத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். தொண்ணூற்றொன்பது ரூபாய்க்குக் கிடைக்கும்போது யார்தான் விடுவார்கள்? ரத்தமும் சதையுமாக வந்த சம்பந்தி வீட்டார் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். "தாய்மாமன்! தாய்மாமன்! வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டே கனிராஜன் மேடைக்குத் தாவினான். யாரோ மாலையைக் கையில் திணித்தார்கள். யாழ்மொழி அவனைப் பார்த்து, "மாமா!" என்று சிரித்துக்கொண்டே கழுத்தைத் தாழ்த்தினாள். அவன் மாலையை உயர்த்தினான்.

'உங்கள் நேரம் முடிந்தது. வந்தமைக்கு நன்றி.'

கறுப்பு. கனிராஜன் வெறுங்கையை உயர்த்தியபடி தன் அறையில் நின்றான்.

வரிசையில் இருபதாவது ஆள், மஸ்கட்டில் இருந்த ஒரு மீசைக்காரர். அருப்புக்கோட்டை ரோட்டில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பியவர். கண்ணைத் திறந்தால் கையில் மாலை, எதிரே குனிந்த கழுத்து, சுற்றிலும் கெட்டிமேளத்துக்குத் தயாரான கூட்டம். நல்ல மனிதர், போட்டுவிட்டார். போட்ட கையோடு பால் காய்ச்சும் இடம் எங்கே என்று கேட்டாராம்.

சாயங்காலம் அக்கா அழைத்தாள்.

"என் மக கழுத்துல மாலை போட்ட அந்த மீசைக்காரன் யாருடா? ஆல்பம் பூரா அவன்தான் இருக்கான்!"

கனிராஜன் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னான். வரிசை, நான்கு நிமிடம், பதினோரு மண்டபம் எல்லாம். "இருநூத்திப் பன்னெண்டு பேருக்கு வித்திருக்கான்க்கா, படுபாவி! எல்லாருமா ஒரே நேரத்துல வந்துடப் போறாங்கன்னு நெனைச்சு வித்திருக்கான்!"

பதில் வர இரண்டரை வினாடி ஆகும். அன்று பத்து வினாடி ஆனது.

"நானும் அப்படி நெனைச்சுத்தானே பத்திரிகை வச்சேன்" என்றாள் அக்கா மெதுவாக. "நாற்காலியெல்லாம் மெஷினு உக்காந்துருச்சு. மாப்பிள்ளையோட பெரியப்பா நின்னே பார்த்துட்டுச் சாப்பிடாமப் போயிட்டாரு. உன்னைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புக்கு நடுவே அவள் குரல் கம்மியது. "தலைதீபாவளிக்காவது அந்தப் பிள்ளைக்கு நீ எண்ணெய் வைக்கணும்டா. உன் கையாலதான் வைக்கணும்னு சொல்லுறா."

"கண்டிப்பா வாரேன்க்கா. விடியக்காலை அஞ்சு மணிக்கு முதல் ஆளா நிப்பேன். சத்தியமா."

மறுநாளே 'வந்தாச்சு'வைத் தலைமுழுகிவிட்டு, பிச்சையா அண்ணாச்சி கடைக்குப் போனான். "பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன் அண்ணாச்சி. ரெண்டாயிரமே போதும். அளவுக்கு மீறி விக்கிறவன் சகவாசமே வேண்டாம்."

அண்ணாச்சி குத்திக்காட்டவில்லை. பதிவுப் பலகையை எடுத்தார். "தீபாவளி அன்னைக்கு யார் யார் வீடு? நேரத்தோட சொல்லு. அதே உடம்புல இருக்கிற மத்த மூணு பேருக்கும் நான் பதில் சொல்லணும்."

"அக்கா வீடு, விடியக்காலை அஞ்சு மணி."

"சரி."

"மாமனார் வீடு சாத்தூர்ல. அதுவும் அஞ்சு. சின்ன மச்சினனுக்கும் அஞ்சு மணிக்கு வாரேன்னு சொல்லியிருக்கேன். அப்புறம் நம்ம ஷிப்ட் அழகரு ஊர்ல கடை திறக்கிறான். அவனும் அஞ்சேகாலுக்கு முதல் ஆளா வந்து நிக்கணும்னான். கண்டிப்பா வாரேன்னுட்டேன்."

அண்ணாச்சியின் விரல் பலகைமேல் நின்றது. "ஒரே நேரத்துக்கு நாலு பேருக்கா வாக்குக் கொடுத்திருக்க? எங்கேப்பா போகப்போற?"

"என்ன அண்ணாச்சி நீங்க, கூப்பிட்டா வாரேன்னுதானே சொல்லணும்? முகத்துல அடிச்ச மாதிரி மாட்டேன்னா சொல்ல முடியும்?" என்று கனிராஜன் சிரித்தான். "நாலு பேருமா என்னை எதிர்பார்த்துக்கிட்டு நிக்கப் போறாங்க?"

அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பதிவுப் பலகையை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நாலுல மூணு பேரை இப்பவே கூப்பிட்டு வரமாட்டேன்னு சொல்லு. அப்புறம் உன் பேரை எழுதிக்கிறேன்" என்றார்.

கனிராஜன் விரலை மடக்கி நாலு பேரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அண்ணாச்சி, அந்த 'வந்தாச்சு'க்காரன் இப்ப எழுபத்தொம்பது ரூபாய்க்குத் தாரானாமே?"