மஞ்சளாகக் கூடாத குழி

கடைசிக் குழி மஞ்சளாகியிருக்கக் கூடாது.

அவள் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளங்கை அகலத்தில் தொண்ணூற்றாறு குழிகள், குழிக்கு ஒருவருடைய ரத்தம். பூனைக் கழிவிலிருந்து பரவும் கிருமி நகரத்தில் எத்தனை பேர் உடம்பில் குடியிருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை. எலிக்குள் புகுந்தால் பூனை பயத்தையே மறக்கடித்து, பூனை வாடையைத் தேடிப் போகவைக்கும் கிருமி அது. தொற்று இருந்தால் மஞ்சள், இல்லையென்றால் தண்ணீர்போலத் தெளிவு. கடைசிக் குழியில் மட்டும் தொற்றே இல்லாத ரத்தத்தை விட வேண்டும். அது தெளிந்து நின்றால்தான் மற்றவற்றை நம்பலாம். அந்த ரத்தத்துக்காக ஆய்வகத்துக்கு வெளியே எங்கும் போவதில்லை. டெக்னீஷியனான அவள்தான் மாதத்துக்கு ஒருமுறை தன் கையிலிருந்தே எடுத்து வைப்பாள்.

இன்று தொண்ணூற்றாறும் மஞ்சள்.

"மூணாவது தடவை சார். எல்லாமே மஞ்சள்."

பெரிய டாக்டர் தலையை நிமிர்த்தவே இல்லை. "மூணு பேர்ல ஒருத்தருக்கு இருந்தாலே அதிகம்மா. டெஸ்ட் கிட் கெட்டுப் போயிருக்கும். கீழ ஸ்டோர்ல புதுசு இருக்கு, எடுத்துட்டு வந்து திரும்பப் போடு. சாயங்காலம் ரிப்போர்ட் வேணும்."

திரும்பப் போடு. இரண்டு நாளாக அதே பாட்டு. ஐந்து மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு நின்று நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். தலையால் அடித்துக்கொண்டாலும் இந்த மனுஷனுக்கு உறைக்காது. கிட் கெட்டதா இல்லையா என்று காட்டிவிடுகிறேன் என்று கறுவிக்கொண்டே ஃப்ரீசரைக் குடைந்தாள். போன மாதம் எடுத்த ரத்தம் ஒரு குப்பியின் அடியில் கொஞ்சம் இருந்தது. அதையும் இந்த மாதத்து ரத்தத்தையும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் விட்டு, ஒன்றரை மணி நேரம் கடிகாரத்தை முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

போன மாதத்து ரத்தம் தெளிவாக இருந்தது. இந்த மாதத்தது மஞ்சள்.

கிட்டில் ஒரு குறையும் இல்லை.

கை தானாக வயிற்றுக்குப் போனது. ஏற்கெனவே இரண்டு தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் கரு வரைக்கும் போகலாம் என்று எத்தனை பெண்களுக்கு அவளே பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கிறாள்! காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"சார், கிட் சரியாத்தான் இருக்கு. என் ரத்தமே..."

"சொன்னதைச் செய்யேம்மா!"

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. புதுப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் மேஜைமேலேயே வைத்துப் போட்டுக் காட்டுகிறேன் என்று படியிறங்கினாள்.

அடித்தளத்துக்குப் போகும் அந்தப் படிகளில்தான் பூனை மூத்திர நாற்றம் என்று ஸ்டோர்காரர் மாதக்கணக்காகப் புலம்பினார். மூக்கைப் பொத்தாமல் அங்கே யாரும் இறங்கியதில்லை. இந்த வாரம் அவர் புலம்பியதாகவே நினைவில்லை. பாதிப் படியில் அவள் நின்றாள். ஈரச் சுவரின் வாடை, அட்டைப் பெட்டிகளின் வாடை, அவற்றுக்கு அடியில் வேறொன்று, வெதுவெதுப்பாக, கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம்போல. அவள் ஆழமாக மூச்சிழுத்தாள். இன்னொரு முறையும் இழுத்தாள்.

ஸ்டோர் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. கதவோரம் ஸ்டோர்காரர் சுவரைப் பார்க்கிற மாதிரி நின்றிருந்தார்.

"லைட் போடலையாண்ணே?"

"போட்டா போயிடும்மா."

"எது?"

அவர் மூக்கை மெல்ல உயர்த்தினார். "நல்லாருக்குல்ல?"

படி வெளிச்சம் தரையில் ஒரு கீற்றாக விழுந்திருந்தது. அந்தக் கீற்றில் எலிகள். பத்து, இருபது. ஒன்றுகூட ஓடவில்லை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் எழுந்து, அவசரமில்லாமல், இருட்டுக்குள் நடந்துபோனது. எலும்பு நொறுங்கும் சின்னச் சத்தம். அடுத்தது எழுந்தது.

அங்கே இரண்டு பச்சைக் கண்கள். அவள் நெஞ்சு உயரத்தில். பூனை அலமாரிமேல் ஏறியிருக்கும் என்று நினைத்தாள்.

அந்தப் பக்கம் அலமாரி கிடையாது.

திரும்பு. ஓடு. கால் கேட்கவில்லை. பின்னால் படிகளில் செருப்புச் சத்தம். பெரிய டாக்டர். அவருக்குப் பின்னால் ஆய்வகத்து ஆட்கள் எல்லாரும். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் வரிசையாக வந்து நின்றார்கள்.

ஸ்டோர்காரர் ஓரடி முன்னால் வைத்தார்.

அப்போது, காலையிலிருந்து அசையாத பிள்ளை அசைந்தது. உதைக்கவில்லை. மெதுவாக, முழு உடம்பாகப் புரண்டது. அந்தக் கண்கள் இருந்த பக்கம் திரும்பி, வயிற்றுத் தோலுக்கு உள்ளிருந்து தலையால் முட்டி, முன்னே போ, முன்னே போ என்று அவளைத் தள்ளியது.